‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’: கூதிர்க்காலத்து வாடகை வீடும் ஒரு துணைவினையும்

ஐப்பசி நெருங்கும்போதெல்லாம் நம் ஆய்வாளர் குழுக்களில் ஒரே வகையான காணொளிகளும் குறிப்புகளும் சுற்றத் தொடங்குகின்றன. குளிர்காலத்துக்கு முன் வீட்டை எவ்வாறு ஆயத்தம் செய்வது, அதையும் ஆள் வைக்காமல் நாமே எவ்வாறு செய்வது என்பது அவற்றின் பொருள். சன்னல் இடுக்குகளை நுரைப்பட்டையால் அடையுங்கள், கண்ணாடிமீது நெகிழித்தாள் ஒட்டுங்கள், காற்றுத் துளைகளை மூடுங்கள், கதவின் அடியில் துணிச்சுருள் வையுங்கள் என்று அவை அறிவுறுத்துகின்றன. பனி பொழியும் நாடுகளுக்காக எழுதப்பட்ட இவ்வறிவுரைகள் தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு, பெங்களூரில் ஓர் அறையில் மூவராகத் தங்கியிருக்கும் மாணவர்களை வந்தடைகின்றன. இந்நகரத்தைப் பொறுத்தவரை அவற்றுள் பாதி பயனற்றவை, மீதிப் பாதி தீங்கானவை என்பது என் கருத்து. அவற்றில் வரும் ‘நீங்களே’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காலநிலை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிரும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியசு. அது 1884 சனவரியில். இன்றைய மார்கழி இரவுகள் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு பாகைக்கு அருகிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு கம்பளியும் காலுறையும் தாங்கக்கூடிய குளிர் இது. நம் வீடுகளைக் கெடுப்பது அதற்கு முன்னால் வரும் மழை. இங்கே ஆண்டின் மிகுமழை மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். அந்த இரண்டு மாதங்களில் சுவர் குடித்த நீர், நவம்பரிலும் டிசம்பரிலும் வெயில் மெலிந்து வானம் மூடிக் கிடக்கும்போது காய வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் நம்மை நடுங்கவைப்பது பெரும்பாலும் இந்த ஈரமே.

இதனைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்று சொன்னால் ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்னும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடுவீர்கள். ஆயினும் சொல்லாட்சியைக் கவனியுங்கள். ‘இலையுதிர் காலம்’ என்பது பாடநூல் வழியே வந்த மொழிபெயர்ப்பு. நம் பருவப் பகுப்பில் ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அதன் பின்னரே முன்பனி. கூதிர் என்பது மழையும் வாடைக்காற்றும் சேர்ந்த குளிர். தென்மாவட்டப் பேச்சில் கூதல் என்று இன்றும் வழங்குகிறது. நக்கீரரின் நெடுநல்வாடை இப்பருவத்து வீட்டை 188 அடிகளுக்குள் காட்டும் விதம் ஒரு பராமரிப்புப் பட்டியலுக்கு ஒப்பானது. கோடையில் தென்றலை உள்ளே விட்ட படுக்கையறைச் சாளரங்கள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிகின்றன. குளிர்ந்த நீர்க்கலங்களை யாரும் நாடுவதில்லை; வாயகன்ற தடவுகளில் நெருப்பு எரிகிறது. நிலாமுற்றத்து மழைநீர் விழுவதற்கு மகரவாய் கொண்ட அம்பணம், அதாவது தூம்பு, இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகும் என்ற கவலை அந்த அரண்மனைக்கும் இருந்திருக்கிறது! அதே பாட்டில் நனைந்த மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்று நெருப்பில் கைகாயும் கோவலரும் உள்ளனர் என்பதையும் மறக்க வேண்டாம். கூதிர் எல்லார்க்கும் பொது. தாழிடுவதற்குச் சாளரம் எல்லார்க்கும் பொதுவன்று.

இந்நகரத்தில் பூச்சுவேலை, வண்ணவேலை செய்பவர்களில் தமிழர் மிகுதி. அவர்களிடம் பேசினால் ஈரத்துக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்று தெரியும். ஆங்கிலக் குறிப்புகள் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவதை மேஸ்திரிகள் நான்காகப் பிரிக்கின்றனர். தரையிலிருந்து சுவரில் ஏறுவது ஓதம். காற்றோடு சாய்ந்து சன்னல் வழியே அடிப்பது சாரல். தளத்திலிருந்து சொட்டுவது ஒழுக்கு. சுவர் காயும்போது வெண்மையாகப் பொரிந்து வருவது உப்புப் பூத்தல். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஓதம் ஏறிய சுவரில் எத்தனை முறை பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் அது உரிந்து விழும். ஏனெனில் நீர் வருவது பின்னாலிருந்து. தமிழில் இச்சொற்கள் இருந்தும், ‘டேம்ப்’ என்று ஒரே சொல்லில் வீட்டுக்காரரிடம் முறையிட்டு, அவர் ‘பெயிண்ட் அடித்துவிடலாம்’ என்று ஒரே சொல்லில் விடையளித்து விடயம் முடிகிறது. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறாகத்தான் வரும்.

கன்னடத்தில் ‘சளி’ என்றால் குளிர். தெலுங்கில் ‘சலி’யும் அதுவே. தமிழில் அச்சொல் நெஞ்சில் கட்டும் நோய்க்குச் சுருங்கிவிட்டது. ஓதமேறிய அறையில் உறங்கும் தமிழ் மாணவர் கன்னடச் சளியில் தொடங்கித் தமிழ்ச் சளியில் முடிவது வெறும் சொல் விளையாட்டன்று. ஈரச்சுவரில் வளரும் பூஞ்சணத்தின் நுண்விதைகள் ஆஸ்துமா உடையவர்களுக்குத் துன்பம் தருபவை என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி.

இந்த அறையை நுரைப்பட்டையால் அடைத்தால் என்ன நேரும்? குளிர்நாட்டு வீட்டில் சுவருக்குள் வெப்பக்காப்பு உண்டு, அறைக்குள் வெப்பமூட்டி உண்டு, பல வீடுகளில் ஈரக்காற்றை வெளியேற்ற மின்விசிறியும் உண்டு. அங்கே இடுக்கை அடைப்பது இவை அனைத்தையும் உள்ளடக்கிய ஓர் ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி. நம் வீடுகளில் ஆறங்குலக் கான்கிரீட் கட்டிச் சுவர், மெல்லிய பூச்சு, ஒற்றைக் கண்ணாடி, வேறொன்றுமில்லை. மூன்று பேர் மூச்சுவிட்டு, சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காயப்போடும் அறையைக் காற்றுப் புகாமல் அடைத்தால், அத்தனை நீராவியும் இரவில் குளிர்ந்த சுவரில் படிந்து நீராகும். அலமாரியின் பின்புறமும் கட்டிலின் தலைமாடும் கறுப்பது இதனால்தான். சன்னலுக்கு மேலே நிலையாகத் திறந்திருக்கும் வெண்டிலேட்டரைக் குளிருக்கு அஞ்சி அட்டையால் மூடும் வழக்கம் நம் விடுதிகளில் பரவலாக உண்டு. அந்தத் திறப்பு கட்டட வேலையில் மறந்து விடப்பட்ட ஓட்டையன்று. மேலெழும் ஈரக்காற்று வெளியேறத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். பழைய பெங்களூர்ப் பங்களாக்களில் சன்னலுக்கு மேல் மரச்சட்டங்களால் அமைத்த ‘மங்கி டாப்’ மறைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மழையை மறித்துக் காற்றை மறிக்காத ஏற்பாடு. சன்னலின் பெயர்களே இதைச் சொல்கின்றன. காலதர் என்பது கால் செல்லும் அதர், காற்று செல்லும் வழி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ பழைய நோர்சு மொழியில் ‘காற்றுக்கண்’ என்ற பொருளுடைய கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது. சொற்பிறப்பு கட்டடக்கலைக்குச் சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். இங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் குறிக்கிறேன்.

அடைப்பதன் பெருந்தீங்கு வேறு. பெங்களூரில் கேஸ் கீசர் உள்ள குளியலறைகள் ஏராளம். காற்றுப்போக்கில்லாத சிறு அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணைகிறது. தலைசுற்றல் தொடங்கும்போதே தாழ்ப்பாளைத் திறக்கும் வலிமை போய்விடுகிறது. இந்நகரில் குளிர்காலந்தோறும் இவ்வாறு இளைஞர்கள் இறந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கியவர்களின் கதையும் இதுவே. நெடுநல்வாடை அரண்மனையின் தடவு நெருப்பை எட்டுக்குப் பத்து அறைக்குள் கொண்டுவர முடியாது. கீசர் இருக்கும் குளியலறையின் காற்றுத்துளையை யாரேனும் அடைத்திருந்தால், இப்பதிவைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து சென்று அதைத் திறந்துவிடுங்கள். வாய்ப்பிருந்தால் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றச் சொல்லுங்கள்.

அப்படியானால் நாமே செய்யத்தக்கவை எவை? சில உண்டு, அவை எளியவை, செலவும் குறைவு. மொட்டைமாடியின் நீர்வடியும் வாயில் சருகும் நெகிழிப்பையும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்தில் தேங்கும் நீர்தான் பாதி ஒழுக்குகளுக்குத் தாய். அலமாரியையும் புத்தக அடுக்கையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஆய்வேட்டுப் படிகள் பூசணம் பிடிக்காமல் தப்பும். நண்பகலில், மழையில்லாத ஒரு மணி நேரமாவது எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: சமையலறை அலுமினியத்தாளில் ஒரு முழச் சதுரம் வெட்டி, ஈரமான இடத்தைத் துடைத்து உலரவைத்து, நான்கு ஓரமும் ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அறைப்பக்கம் நீர் அரும்பியிருந்தால் அது நம் மூச்சும் உலையும் தந்த ஈரம். சன்னலைத் திறப்பதே மருந்து. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அது நம் கைவேலைக்கு அப்பாற்பட்டது. சாரலால் சன்னல் சட்டத்தோரம் கசிந்தால், வெளிப்புற இடுக்கைச் சுரண்டித் துடைத்து, வெயில் அடிக்கும் இரு நாள் பார்த்து, சிலிக்கோன் பசை இடலாம். ஈரத்தின்மேல் இட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. தளத்து வெடிப்பை மேலோடு பூசுவதும் வீண். அதை ஆப்பு வடிவில் வெட்டி அகலமாக்கி, தூசி நீக்கி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். அதற்கு மேஸ்திரி வேண்டும், கூலி வேண்டும், மாடிக்குச் செல்லும் உரிமையும் வேண்டும். பல வீடுகளில் மாடிக்கதவின் சாவி நம்மிடம் இருப்பதில்லை.

இங்கேதான் அந்த ‘நீங்களே’ வருகிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் கன்னடத்தில் சொன்ன விடை: ‘நீவே மாடிஸிகொள்ளி.’ தமிழில் நாம் சொல்வதும் அதே அமைப்புத்தான்: ‘நீங்களே செய்துகொள்ளுங்கள்.’ தமிழிலும் கன்னடத்திலும் கொள் என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவருக்கே திரும்புகிறது என்று காட்டும். சட்டை தைத்துக்கொண்டான் என்றால் சட்டை அவனுக்கு. இ. அண்ணாமலை முதலானோர் தமிழ்த் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்திருப்பதால் நுணுக்கங்களை விடுகிறேன். என் வினா எளியது: சுவர் யாருடையது? நான் பதினொரு மாதத்தில் போய்விடுவேன், சுவர் இருக்கும். அதில் இட்ட கலவையும் கூலியும் யாருக்குச் சொத்தாகின்றன? கொடு என்று வரவேண்டிய இடத்தில் கொள் வந்திருக்கிறது. இந்த இலக்கணப் பிழைக்கு நாம் ஆண்டுதோறும் பணம் செலுத்துகிறோம்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் இதற்கு ஒரு தெளிவான வழி வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை உரிமையாளர், அறிவிப்புக் கொடுத்த பின்னும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிடில், குடியிருப்பவர் தாமே அதைச் செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பாருங்கள், இதுவும் ‘நீங்களே செய்யுங்கள்’தான், ஆனால் செலவுக் கணக்கு சரியான பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே பிரிவு, வீட்டைப் பெற்ற நிலையில் திருப்பித்தர வேண்டும் என்று குடியிருப்பவரைக் கட்டுப்படுத்தும்போது, இயல்பான தேய்மானத்துக்கு விலக்கும் தருகிறது. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், கீசர் பழுது, உடைந்த சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு என்று அதன் இணைப்புப் பட்டியல் பிரிக்கிறது. வைப்புத்தொகையையும் இரண்டு மாத வாடகைக்கு மேல் போகாதவாறு வரையறுக்கிறது. மாநிலங்கள் தம் சட்டமாக்கினாலன்றி அது வெறும் மாதிரிதான். பத்து மாத முன்பணம் என்பதையே இயல்பாகக் கருதி வளர்ந்த இந்நகரத்தில் அந்தப் பட்டியலை வாசிப்பது ஏறத்தாழ ஒரு கற்பனை இலக்கிய அனுபவம்.

1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முன்னுரை வாசகம் உண்டு. ஒப்பந்தத்தாலோ உள்ளூர் வழக்காலோ மாறாக இல்லாதபோதே இவ்வுரிமைகள் செல்லும். நாம் படிக்காமல் கையெழுத்திடும் பதினொரு மாத ஒப்பந்தத் தாள் அந்த உரிமைகளை ஒரு வரியில் அழித்துவிட முடியும். பதினொரு மாதம் என்ற கணக்கே, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குரிய கட்டாயப் பதிவைத் தவிர்க்க வந்தது. உள்ளூர் வழக்கு என்ற சொல் மொழியியல் மாணவருக்கு நெருக்கமானது. தமிழில் வழக்கு என்பது மக்கள் வழங்கும் முறை. நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்குத்தான். வெளியேறும்போது வண்ணம் அடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையை முன்பணத்திலிருந்து கழிப்பது பெங்களூரில் முதற்பொருளில் வழக்காகிவிட்டது. இரண்டாம் பொருளில் எவரும் தொடுப்பதில்லை. எவரும் மறுக்காத பயன்பாடே காலப்போக்கில் விதியாகிறது என்பதை நாம் மொழியில் நாள்தோறும் காண்கிறோம். ஓதத்தால் உரிந்த வண்ணத்துக்குக் குடியிருந்தவரிடமே பணம் கழிப்பது அத்தகைய ஒரு வழக்கு.

வீட்டுக்காரர்கள் அனைவரும் செல்வர்களல்லர் என்று நண்பர்கள் மறுப்பதுண்டு. உண்மை. ஓய்வூதியம் இல்லாமல் மாடிப்பகுதி வாடகையில் வாழும் முதியவர்கள் என் தெருவிலும் உள்ளனர். தளத்துக்கு நீர்க்காப்புப் பூசும் செலவு அவர்களுக்குப் பெருஞ்சுமைதான். அதற்கு விடை, மூன்று ஆண்டுக்கொருமுறை வரும் செலவை முன்கூட்டியே பேசி, வாடகையில் பகிர்ந்து கழிப்பது. தளம் ஒழுகுவதை மறைத்து வண்ணம் பூசிப் புதியவருக்கு விடுவது எவருக்கும் மிச்சமாகாது. கம்பியில் துரு ஏறினால் தளமே போகும். வட கர்நாடகத்துச் சிசுநாள சரீபர் வீட்டு மாளிகை ஒழுகுவதை மெய்ப்பொருளுக்கு உருவகமாக்கிப் பாடினார். நமக்கு அந்த வசதி இல்லை. நம் தளம் உருவகமின்றி ஒழுகுகிறது. (கன்னடத்தில் ‘மாளிகெ’ வீட்டின் மேல்தளம், தமிழில் மாளிகையாகிவிட்டது. வாடகை விளம்பரங்களில் மட்டும் இரு பொருளும் ஒன்றாகின்றன.)

இன்னொரு மறுப்பையும் எதிர்பார்க்கிறேன்: தகரக்கொட்டகையில் வாழ்பவர்கள் இருக்க, ஆய்வு உதவித்தொகை பெறுவோர் ஓதத்தைப் பற்றிப் பேசுவதா? இவ்வீடுகளைக் கட்டும் தொழிலாளர்கள், கட்டடம் முடியும்வரை அதன் பக்கத்திலேயே தகரத்துக்குள் கூதிரைக் கழிக்கின்றனர். இரவில் தகரம் விரைந்து குளிர்வதால் அவர்கள் மூச்சே உள்ளே நீராகி அவர்கள்மேல் சொட்டுகிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள்: கூரையைக் காப்பது யாருடைய கடமை என்று எழுத்தில் உள்ளதா, அல்லது அடியில் படுத்திருப்பவர் தலையில் விழுகிறதா? படிக்கவும் எழுதவும் தெரிந்த நாம் நம் பங்குக்கு அதை எழுத்தில் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

என் முன்மொழிவு சிறியது. நம் துறைகளின் ஆய்வாளர் மன்றங்கள் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு வாடகை ஒப்பந்த மாதிரியை வைத்திருக்கட்டும். சட்டத்துறை மாணவர்கள் அதைச் சரிபார்க்கட்டும். தளம், வெளிச்சுவர், குழாய், வண்ணம் உரிமையாளருக்கு என்றும், இயல்பான தேய்மானத்துக்கு முன்பணத்தில் கழிவில்லை என்றும் இரு வரி அதில் இருந்தால் போதும். குடியேறும் நாளில் ஒவ்வொரு சுவரையும் தேதியுடன் படம் எடுத்து இருதரப்பும் வைத்துக்கொள்ளட்டும். புரட்டாசி முடிவதற்குள், மேஸ்திரி கிடைக்கும் காலத்திலேயே, பழுதுகளை எழுத்தில் அறிவியுங்கள்; வாட்சப்பாக இருந்தாலும் எழுத்தாக இருக்கட்டும். அலுமினியத்தாள் சோதனையின் படத்தையும், ஓதமா ஒழுக்கா சாரலா என்ற சரியான சொல்லையும் அதில் சேருங்கள். கன்னடத்தில் எழுதுவதாயின் முடிவில் ‘மாடிஸி கொடி’ என்றும், தமிழ் வீட்டுக்காரராயின் ‘செய்து கொடுங்கள்’ என்றும் எழுதுங்கள்.